ஒரு சல்யூட் பாக்கி!

2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தபிறகு மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியாதவர்கள் சென்னையில் கிடையாது. தாம்பரத்துப் பையன், கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர், 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீர் ஷோபியானில் உயிரைக் கொடுத்தவர், அசோக சக்ரா வாங்கியவர் என்று ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்காரர் வரை ஒப்பிக்கிறார். நல்லதுதான். இத்தனை வருஷம் யார் யாருக்கோ விசிலடித்தோம், ஒரு நிஜ வீரருக்கும் அடித்தோமே, அந்த மட்டில் சந்தோஷம்.

முகுந்த் பயிற்சி எடுத்தது நம் பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமியில். அங்கே இருக்கும் அணிவகுப்பு மைதானத்துக்கு ஒரு பெயர் உண்டு. 'பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர்'.

எந்தப் பரமேஸ்வரன்?

தி.நகரில் என் நண்பன் வேலை பார்க்கும் ஆபீசின் கேன்டீனில் இந்தக் கேள்வியைப் போட்டேன். ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் முப்பதுக்குள். ஒருத்தர், "சிவன் பேராச்சே சார், பக்கத்துல கோயில் இருக்கும்" என்றார். இன்னொருத்தர், "பர்ச்சேஸ்லேர்ந்து ரிட்டயர் ஆனாரே அவரா? அவருக்கா மைதானம்?" என்று திகைத்தார். மூன்றாமவர் பேசாமல் செல்போனை எடுத்தார். "சரி, பரம்வீர் சக்ரா வாங்கினவங்க யாராவது?" என்றேன். "விக்ரம் பத்ரா!" என்று கோரஸ். அதுவும் சினிமா உபயம்தான்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மனிதரை மறப்பதற்கு இந்த ஊருக்கு ஒரு காரணம் இருந்தது. கொஞ்சம் சங்கடமான காரணம். அதைப் பேசாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. முதலில் ஆளைப் பார்ப்போம்.

*

பரம்வீர் சக்ரா என்பது போர்முனையில் எதிரிக்கு எதிரே காட்டும் வீரத்துக்கு நம் நாடு தரும் உச்ச விருது. இதுவரை வாங்கியவர்கள் மொத்தமே 21 பேர். அதில் 14 பேர் வாங்குவதற்கு உயிரோடு இல்லை. பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். ஐரோப்பாவில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தியப் பெண்மணியாகவே மாறியவர். நடுவில் அசோகச் சின்னம், சுற்றி நான்கு வஜ்ராயுதங்கள். வஜ்ராயுதம் எதில் செய்தது என்று பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்குத் தெரியும். ததீசி முனிவர் தாமாகவே கொடுத்த எலும்பில்.

அந்த 21 பேரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஒரே ஒருவர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்.

1946 செப்டம்பர் 13-ல் பம்பாயில் பிறந்தார். படித்தது சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் பள்ளிக்கூடத்தில். 1968-ல் அதே சொசைட்டியின் கல்லூரியில் பி.எஸ்ஸி. அந்தக் காலத்து பம்பாயில் டிகிரி முடித்த தமிழ்ப் பையன் என்றால் ரூட் மேப் போட்டு வைத்திருப்பார்கள். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட், பிறகு ஏதாவது ஒரு கம்பெனியில் மாமா சிபாரிசு, பிறகு மாதுங்காவில் வாடகை ஃப்ளாட். டிபன் கேரியரில் தயிர்சாதம். ஆயுசுக்கும் கவலையில்லை.

இவர் நேராக மெட்ராசுக்கு ரயிலேறி, பரங்கிமலையில் போய்ச் சேர்ந்தார். அப்போது அதற்குப் பெயர் ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். 1962 சீன யுத்தத்தில் பட்ட அடிக்குப் பிறகு, அவசரமாக நிறைய அதிகாரிகள் தேவைப்பட்டபோது ஆரம்பித்த பள்ளி. அகாடமி என்று கௌரவமான பெயர் வந்தது 1988-ல்தான். 1972 ஜூன் 16-ம் தேதி, தோளில் நட்சத்திரத்தோடு வெளியே வந்தார். வயசு 25. நம்மில் பலர் அந்த வயசில் 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்று கேட்டவர்களிடம் முழித்துக்கொண்டிருந்தோம்.

போய்ச் சேர்ந்தது மஹார் ரெஜிமென்ட். அதற்கே ஒரு கதை உண்டு. மஹார்கள் மகாராஷ்டிரத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். அம்பேத்கர் பிறந்த சமூகம். அவருடைய அப்பாவே ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். இடையில் பிரிட்டிஷ்காரர்கள் 'இவர்கள் போரிடும் ஜாதி இல்லை' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டபோது, அம்பேத்கரும் விடாமல் வாதாட, 1941-ல் ரெஜிமென்ட் பிறந்தது. இன்றைக்கு அதில் எல்லா மாநிலத்துக்காரர்களும் இருக்கிறார்கள். போரிடும் ஜாதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் பெயரில் உள்ள அந்த ரெஜிமென்டுக்கு ஒரே பரம்வீர் சக்ராவை வாங்கிக் கொடுத்தவர் பம்பாயிலிருந்து வந்த தமிழர். இந்தியா என்றால் இதுதான் போலிருக்கிறது.

மிசோரமிலும் திரிபுராவிலும் காட்டுக்குள் கலகக்காரர்களைத் தேடும் வேலை. ஜவான்கள் அவரைக் கூப்பிட்டது 'பாரி சாஹிப்'. நமக்கு பாரி என்றால் மிட்டாயும், பாரிமுனை பஸ் ஸ்டாண்டும்தான். வடக்கத்திப் பையன்கள் வாயில் பரமேஸ்வரன் என்ற பெயர் நுழையாமல் பாரி ஆகியிருக்கும். ஆனால் ராணுவத்தில் ஆபீசருக்குச் செல்லப்பெயர் கிடைப்பது சுலபமில்லை. திட்டுப் பெயர் நிறையக் கிடைக்கும்.

*

இப்போது சங்கடமான பகுதி. இதற்கு இலங்கை வரை போகவேண்டாம். பாண்டி பஜாரில் ஆரம்பிக்கலாம்.

1982 மே 19. இன்றைக்கு நாம் ஜவுளிக்கும் ஜூசுக்கும் அலைகிற அதே பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சூடு. சுட்டுக்கொண்டவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும். இரண்டு பேரையும் போலீஸ் பிடித்தது. யார் இவர்கள் என்று மெட்ராஸ் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வருஷம், 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர்களை வேட்டையாடினார்கள். தமிழ்நாடே கொதித்தது. கடையடைப்பு, ரயில் மறியல், நிதி வசூல். இந்திய அரசு போராளிப் பையன்களுக்கு ரகசியமாக ஆயுதப் பயிற்சி கொடுத்தது. எம்.ஜி.ஆர். புலிகளுக்குப் பணம் கொடுத்தார். புலிகளின் ஆபீஸ் அடையாறு இந்திரா நகரில் இருந்தது.

அடையாறில் என் பெரியம்மா இருக்கிறாள். கேட்டால் இன்றைக்கும் சொல்வாள்: "காலம்பற பால் பூத்துல நிப்பாங்கடா. ஒல்லி ஒல்லியா பசங்க. 'அம்மா சுகமா இருக்கிறியளோ'ன்னு கேப்பாங்க. அந்தத் தமிழைக் கேட்கவே ஆசையா இருக்கும். இதுங்க துப்பாக்கி புடிக்குமான்னு தோணும்."

பிடித்தார்கள். நாலே வருஷத்தில் நம் பக்கமே திருப்பவும் செய்தார்கள்.

1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்க ஆரம்பித்தது. முதலில் போனவர்களில் 8-வது மஹார் பட்டாலியனும் உண்டு. பாரி சாஹிபும் உண்டு. போன புதிதில் யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். போராளிகள் ஆயுதத்தைக் கொடுத்துவிடுவார்கள், சிங்கள ராணுவம் முகாமுக்குள் போய்விடும், தமிழர்களுக்கு மாகாண ஆட்சி வரும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்துபோனார். அக்டோபர் ஆரம்பத்தில் பிடிபட்ட புலித் தளபதிகள் சயனைடு கடித்தார்கள். அக்டோபர் 10-ல் அமைதிப்படை யுத்தப்படையாகிவிட்டது. 'ஆபரேஷன் பவன்' என்று பெயர். பவன் என்றால் காற்று. வந்தது புயல்.

யாழ்ப்பாணத்தில் நம் ராணுவத்துக்கு ஆரம்பமே சரியில்லை. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து சீக் லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேர் இறங்கினார்கள். புலிகள் காத்திருந்தார்கள். 29 பேர் இறந்தார்கள். மிச்சமிருந்த ஒருவர் பிடிபட்டார். நம் ஜவான்கள் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை அழுத்த வேண்டிய எஸ்.எல்.ஆர். ரைபிள். எதிரே சடசடவென்று பொழியும் ஏ.கே. ரகங்கள், ராக்கெட் லாஞ்சர், தெருவுக்குத் தெரு கண்ணிவெடி. போதாததற்கு ஊரின் அமைப்பு. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை என்பார்கள், குறுகலான சந்து. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி. அந்தப் பக்கம் நிற்பது கோழியா, குழந்தையா, குண்டு வைத்திருப்பவனா, தெரியாது.

அதே அக்டோபர் 21-ம் தேதி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்து சுட்டது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்றது ராணுவம். பிழைத்தவர்கள் சொன்னது வேறு. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் வீரத்தைப் பற்றி எழுதும்போது இதை விழுங்கிவிட்டால் பிறகு எழுதுகிற ஒரு வரியையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

*

நவம்பர் 24 ராத்திரி. கந்தரோடை என்ற கிராமத்தில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல். பக்கத்தில் உடுவிலிலிருந்து பரமேஸ்வரன் தன் சார்லி கம்பெனி ஆட்களோடு கிளம்பினார். சில மைல் தூரம்தான். ஆனால் ராத்திரி, கண்ணிவெடி பயம், காலடி காலடியாக வைத்து நடந்ததில் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. சந்தேகப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி லாரி நின்றது. ஆள் இல்லை. சுற்றி வளைத்துவிட்டு, விடியும்வரை காத்திருந்து தேடினார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை.

சரி, திரும்பலாம் என்று புறப்பட்டார்கள். திரும்பும் வழியில்தான் சுட ஆரம்பித்தார்கள்.

இந்த மாதிரிப் பதுங்கித் தாக்குதலில் மாட்டிக்கொண்டால் மனித உடம்பு தானாகச் செய்யும் காரியம் ஒன்றுதான். தரையோடு தரையாகப் படுப்பது. தாக்குகிறவனும் அதைத்தான் எதிர்பார்ப்பான். படுத்தவர்களை வரிசையாக முடிப்பதற்குத்தான் இடம், கோணம் எல்லாம் பார்த்து வைத்திருப்பான். அவன் பார்க்காத ஒரே இடம் அவனுடைய முதுகு. அங்கே போக வேண்டுமென்றால் ஒருத்தர் தலையைத் தூக்கவேண்டும். குண்டு பறக்கும்போது யோசிக்க வேண்டும். யோசித்ததை உடனே செய்ய வேண்டும். பின்னால் வரும் ஆட்களுக்கு, 'இவர் போனால் நாமும் போகலாம்' என்று தோன்றவேண்டும். அரை நிமிஷத்துக்குள் இத்தனையும்.

பாரி சாஹிப் தன் ஆட்களைச் சுற்றி நடத்திக்கொண்டு போய், சுட்டவர்களின் பின்பக்கத்திலிருந்து பாய்ந்தார். இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆளுக்கு ஆள் கைகலப்பு. ஒருவன் மிக அருகிலிருந்து அவர் நெஞ்சில் சுட்டான். சுட்டவன் கையிலிருந்த துப்பாக்கியை அவர் பிடுங்கினார். அதே துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். பிறகு விழுந்தார். விழுந்த பிறகும் கடைசி மூச்சு வரை உத்தரவுகள் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். மூன்று ரைபிள்களும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கிடைத்தன. பதுங்கித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது.

விருதுப் பத்திரத்தில் இதெல்லாம் ஒரு பாராதான். நம் ஆபீஸ் மெமோ மாதிரி வறட்டு நடை. நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு இடத்தைத்தான். நெஞ்சில் குண்டு வாங்கிய மனிதர் துப்பாக்கியைப் பிடுங்கியது ஒரு நொடி. அதை ஆவேசம் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகும் தன் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதற்கு உத்தரவு கொடுத்தாரே, அது ஆவேசம் இல்லை. அது பதினைந்து வருஷ சர்வீஸ். செய்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகத் தெரியாத குணம்.

அன்றைக்கு அவருக்கு வயசு 41. நம்மில் பலர் முதல்முறையாக கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துவிட்டுப் பயந்துபோகும் வயசு.

இன்னொன்றும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் அவர். அந்த வேலிகளுக்குப் பின்னால் கேட்ட குரல்களும் தமிழ்தான்.

*

1988 குடியரசு தினத்தில் பரம்வீர் சக்ரா அறிவிப்பு வந்தது. மெட்ராஸ் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? எம்.எல்.ஏ.க்களை எண்ணிக்கொண்டிருந்தது. முந்தைய மாதம் 24-ம் தேதி எம்.ஜி.ஆர். காலமாகிவிட்டார். ஜானகி அணி, ஜெயலலிதா அணி. ஜனவரி 28-ல் சட்டசபைக்குள் அடிதடி, போலீஸ். 30-ம் தேதி ஜனாதிபதி ஆட்சி. இந்த அமளியில் பரமேஸ்வரனை யார் கவனிப்பார்கள்?

சரி, அது அரசியல் நேரம், போகட்டும் என்றால் 1990 மார்ச் இருக்கிறது. 24-ம் தேதி கடைசி அணி இலங்கையை விட்டுக் கிளம்பி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தது. இரண்டரை வருஷத்தில் சுமார் 1,200 பேரைப் பலி கொடுத்துவிட்டு வந்த படை. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத் தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் கட்சி. நியாயமாகச் சொல்லவேண்டும், அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஏராளமான பேருடைய மனசும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் படையில் லாரி ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். வேலூர்ப் பக்கம். இப்போது தி.நகரில் ஒரு நகைக்கடை வாசலில் செக்யூரிட்டி. அறுபதை நெருங்கிவிட்டார். கம்பி மாதிரி நிற்பார். கார் கதவைத் திறந்துவிடும்போதுகூட முதுகு வளையாது. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"அண்ணே, திரும்பி வந்தப்ப எப்படி இருந்திச்சு?"

"எப்படி இருக்கும் தம்பி? இறங்கினோம். பாண்டு வாசிச்சாங்க, மிலிட்டரி பாண்டு. அப்புறம் லீவு குடுத்தாங்க. பஸ்ல ஊருக்குப் போறேன். பக்கத்து சீட்டுல ஒரு பெரியவரு. மிலிட்டரியா, எங்க இருந்தேன்னாரு. சிலோன்னேன். அவரு ஒண்ணும் திட்டல. எழுந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு."

டீயை ஊதினார்.

"நீங்க யாழ்ப்பாணத்துல..." என்று நான் இழுத்தேன்.

"லாரி ஓட்டினேன்" என்றார். அதோடு சரி. கொஞ்ச நேரம் கழித்து, "எங்களை யாரும் கேட்டு அனுப்பல தம்பி. போன்னாங்க, போனோம். வான்னாங்க, வந்தோம். நடுவுல என்கூட இருந்தவன் மூணு பேரு வரல" என்றார். டீக்குக் காசை அவரே கொடுத்தார். என்னை விடவில்லை.

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றார்கள். அதோடு தமிழ்நாடு அந்த அத்தியாயத்தையே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது. புலிகள் பக்கம் பேசவும் பயம், ராணுவத்தின் பக்கம் பேசவும் கூச்சம். பீரோவுக்குள் பாரி சாஹிபும் மாட்டிக்கொண்டார்.

*

நான் படித்தது பி.காம். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் ஒன்று சொல்வார்: "ஒருத்தன் உனக்கு ஆயிரம் ரூபா தரணும். இன்னொருத்தனுக்கு நீ ஆயிரம் ரூபா தரணும். ரெண்டையும் கழிச்சு சைபர்னு எழுதினீன்னா அது பேலன்ஸ் ஷீட் இல்லடா, திருட்டுத்தனம். சொத்தை சொத்துப் பக்கம் எழுது, கடனைக் கடன் பக்கம் எழுது. பாக்கறவன் ரெண்டையும் பாக்கட்டும்."

பாரி சாஹிப் விஷயத்தில் நாம் முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருப்பது இந்த செட்-ஆஃப் வேலைதான்.

ஒரு கோஷ்டி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நம் படை செய்த அட்டூழியத்தை எடுத்து, இந்த மனிதரின் வீரத்தில் கழித்து, மீதி சைபர் என்று எழுதும். அந்தப் படையில் போனவர் எப்படி வீரராக முடியும் என்று கேட்கும். இன்னொரு கோஷ்டி தலைகீழ். இவருடைய பரம்வீர் சக்ராவை எடுத்து, பெரியாஸ்பத்திரி வார்டில் விழுந்த பிணங்களின் மேல் போர்த்தி, அங்கேயும் சைபர் போடும். ராணுவத்தைக் கேள்வி கேட்பவன் தேசத் துரோகி என்று சொல்லும். இரண்டுமே தப்புக் கணக்கு.

ஒரு படையை எந்த நாட்டுக்கு அனுப்புவது, எதற்காக, எவ்வளவு யோசித்து என்பதெல்லாம் டெல்லியில் ஏ.சி. ரூமில் முடிவானவை. அதற்கான கடன் டெல்லி பேரில் நிற்கட்டும். ஆஸ்பத்திரியில் சுட்டவர்களின் கணக்கு அவர்கள் பேரில் நிற்கட்டும். அதை யாரும் முழுசாகத் தீர்க்கவில்லை, தீர்க்காமல் அடிக்கவும் கூடாது. கந்தரோடையிலிருந்து திரும்பும் வழியில், தன்னை நம்பி வந்த ஆட்கள் செத்துவிடக்கூடாது என்று எழுந்து நின்ற மனிதரின் வரவு அவர் பேரில் மட்டும் நிற்கட்டும். ஒரு பக்கம் எழுதினால் இன்னொரு பக்கம் அழிந்துவிடாது. பேரேட்டில் பக்கங்களுக்கா பஞ்சம்?

இது ஏதோ அந்தக் காலத்து சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ஆபீசில் தினம் நடப்பதுதான். மேனேஜ்மென்ட் எடுத்த முட்டாள் முடிவுக்கு, கஸ்டமர் முன்னால் நின்று திட்டு வாங்கி, நேர்மையாக வேலை செய்து கரையேற்றியவனை யாரும் நினைப்பதில்லை. 'அந்த பிராஜெக்டா? அது ஃபெயிலியராச்சே' என்று ஆளோடு சேர்த்து மூடிவிடுகிறோம். நமக்குப் போவது இன்க்ரிமென்ட். அவர்களுக்குப் போனது உயிர்.

*

வெளியூர்க்காரர்கள் நம்மைவிடப் பரவாயில்லை. கொழும்புக்குப் பக்கத்தில், இலங்கைப் பார்லிமென்ட் இருக்கும் கோட்டேயில் அமைதிப்படைக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. எந்த நாட்டில் பாதிப் பேருக்கு அந்தப் படை வந்ததே பிடிக்கவில்லையோ, அந்த நாட்டில். 2015-ல் பிரதமர் மோடி அங்கே போய் மலர்வளையம் வைத்தார். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 21 பேருக்கும் மார்பளவுச் சிலை உண்டு. 2023 ஜனவரி 23-ல் அந்தமானில் 21 தீவுகளுக்கு பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயர்களை வைத்தார்கள். அதில் ஒரு தீவு பாரி சாஹிபுடையது.

நம் ஊரிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். சாலிகிராமத்தில் ராணுவக் குடும்பங்களுக்கான குடியிருப்பு ஒன்று, பரமேஸ்வரன் விஹார். அதன் வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அதை ஏதோ பில்டர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

இனி யாராவது கேட்டால் பதில் உங்களிடம் இருக்கிறது. பிள்ளைக்கு ஸ்கூல் க்விஸ் போட்டிக்கு ஆகும். கேன்டீனில் விக்ரம் பத்ராவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சொல்ல ஆகும். முக்கியமாக, நவம்பர் 25-ம் தேதி ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள ஆகும். லீவு போடவேண்டாம்.

பரங்கிமலையில் பயிற்சி முடிந்து போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி அணிவகுப்பில் 'அந்திம் பக்' என்று ஒரு கோட்டைத் தாண்டுவார்கள். கடைசி அடி என்று அர்த்தம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கேடட், அந்தப் பக்கம் ஆபீசர். பையன்கள் தாண்டுகிறார்கள். 1992-லிருந்து பெண்களையும் சேர்த்ததால் பெண்களும் தாண்டுகிறார்கள். வெளியே அப்பா அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். எந்த அரசாங்கம் எந்த ஊருக்கு அனுப்பும், அங்கே மாலை கிடைக்குமா, கல் கிடைக்குமா, திரும்பி வந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன செய்வார், அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

தாண்டுகிற மைதானத்தின் பெயர் மட்டும் தெரியும்.